வெளியூர் நாணயம்

ஓடைப் பாலத்துக்கு மேற்கே பனையடிக்குறிச்சி என்றோர் ஊர். அந்த ஊரில் காசைச் சுண்டினால் பூதான் விழும். ஒரு ரூபாயைச் சுண்டினாலும் பூ, ஐந்து ரூபாயைச் சுண்டினாலும் பூ, கிழவர் சுண்டினாலும் கைக்குழந்தை தட்டிவிட்டாலும் பூ. சிங்கம் இருக்கிற பக்கம் தலை, எண் போட்ட பக்கம் பூ என்று நாடு முழுக்கச் சொல்கிறார்களே, அதே தலைதான், அதே பூதான். ஆனால் பாலத்துக்கு இந்தப் பக்கம் சுண்டிய காசில் சிங்கம் மேலே பார்த்து விழுந்ததை இன்று உயிரோடு இருக்கிற யாரும் கண்டதில்லை. ஏன் இப்படி என்று வெளியூர்க்காரர் யாராவது வாயைக் கொடுத்தால், ஊர்க்காரர்கள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல ரெண்டும் விழுதாமே, அது ஏன்னு மொதல்ல சொல்லுங்க" என்பார்கள். 

கையால் எடுத்து வைத்தால் சிங்கம் பேசாமல் மேலே பார்த்துக்கொண்டிருக்கும், அதில் ஒரு தகராறும் இல்லை. செத்தவர் நெற்றியில் ஒட்டுகிற காசைக் கீழத்தெருவில் எப்போதும் சிங்கம் மேலே தெரியும்படிதான் வைப்பார்கள், வாழ்நாளெல்லாம் கேட்ட தலை போகும்போதாவது கிடைக்கட்டும் என்று. சுண்டினால்தான் பூ. வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் இரண்டு காசுகளைத் தேய்த்து, எண்ணெல்லாம் உள்ளே போக, சிங்கம் இரண்டு பக்கமும் வெளியே தெரிய ஒட்டிக் கொண்டுவந்து ஊரே பார்க்கச் சுண்டினார். கையைத் திறந்தால் எண் இருந்தது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒட்டு சரியாப் பிடிக்கல" என்று பட்டறைக்குத் திரும்பிப் போனார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியர் காலையிலிருந்து கட்டைவிரல் வீங்கும்வரை சுண்டிப் பார்த்து, இன்னும் நிறையச் சுண்டினால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும் என்று எழுதி வைத்துவிட்டுப் பஸ் ஏறினார். ஊரும் அவரை மறந்தது, அவரும் ஊரை மறந்திருப்பார்.

இதெல்லாம் வேடிக்கையோடு போயிருக்கும், தண்ணீர் என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால். ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டே தெரு, நடுவில் கால் நாலும் ஊன்றி நிற்கிற ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டித் தண்ணீரை அளந்து விட்டால் இரண்டு தெருவுக்கும் காணும். அளந்து விடுகிற வழக்கம்தான் இல்லை. முதலில் திறக்கிற தெருவில் டிரம்மும் அண்டாவும் நிரம்பி, வாசல் தெளித்து, செவ்வந்திச் செடிக்கும் ஊற்றி முடித்தபிறகு, அடுத்த தெருக் குழாயில் கொஞ்சம் கலங்கலும் அதன் பின்னால் நிறையக் காற்றும் வரும். முதலில் யாருக்கு என்று மண்டை உடைந்த ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் கூடி, இனி அடிதடி வேண்டாம், தினமும் காலையில் காசைச் சுண்டுவோம், காசுக்கு மேலத்தெரு கீழத்தெரு தெரியாது என்று முடிவு கட்டினார்கள். பூ யாருக்கு, தலை யாருக்கு என்ற பேச்சு வந்தபோது, கோயிலில் முதல் பூ எங்களுக்குத்தானே தருகிறார்கள், அதனால் இங்கேயும் பூ எங்களுக்கு என்றது மேலத்தெரு. ஏதோ ஒன்று கிடைத்ததே என்று தலையை வாங்கிக்கொண்டது கீழத்தெரு. காசு அதற்கு முன்பே இப்படி விழுந்துகொண்டிருந்ததா, அன்றையிலிருந்துதான் இப்படி விழுகிறதா என்பதில் மட்டும் இரண்டு தெருவுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

பிறகு தினமும் காலையில் காசு மேலே போகும், கீழத்தெருப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே குரலில் "தலை" என்பார்கள், பூ விழும், டேங்க் ஆபரேட்டர் மேலத்தெரு வால்வைத் திறக்கப் போவார். ஒருமுறை கீழத்தெரு துணிந்து, பக்கத்தை மாற்றிக்கொள்வோமா என்று கேட்டுப் பார்த்தது. "மாத்திட்டு, நாளைக்கே தலை விழ ஆரம்பிச்சா என்ன செய்வீய?" என்று மேலத்தெரு திருப்பிக் கேட்டது. அதுவும் நியாயம்தானே என்று கீழத்தெரு யோசனையில் மூழ்கியது, அந்த யோசனையிலிருந்து அது இன்னும் எழுந்திருக்கவில்லை.

இந்தக் கீழத்தெருவில்தான் சுடலைவடிவு இருந்தாள். வடிவு என்றால்தான் தெரியும். அவள் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில், ஒரு நாணயம் சுண்டப்படுகிறது, தலை விழ நிகழ்தகவு என்ன என்று கேட்டிருந்தார்கள். இதைப் போய்க் கேட்கிறார்களே என்று சிரித்துக்கொண்டே பூச்சியம் என்று எழுதினாள். அதோடு விடாமல், 'ஏனென்றால் தலை விழாது' என்று காரணமும் எழுதினாள். அந்தக் கேள்விக்கான மார்க்கில்தான் பெயில் ஆனாள். அவள் மட்டுமல்ல, அந்த ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் வருஷா வருஷம் அப்படித்தான் எழுதினார்கள். மேலத்தெருப் பிள்ளைகளும் பூச்சியம்தான் எழுதினார்கள், ஆனால் அவர்கள் பெயிலானால் அடுத்த பரீட்சைக்குக் கட்டினார்கள், கீழத்தெருப் பிள்ளைகள் பெயிலானால் வேலைக்கோ கல்யாணத்துக்கோ போனார்கள். வடிவு கல்யாணத்துக்குப் போனாள். புருஷன் செல்லக்கனி லோடு ஆட்டோ ஓட்டினான், நல்லவன், மனைவி படிக்க உட்கார்ந்தால் ரேடியோவைக் குறைத்து வைக்கிற அளவுக்கு நல்லவன்.

பின்னால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கணக்கு டீச்சர் வந்தார். ஊர் விவகாரம் முழுவதையும் கேட்டுக்கொண்டு, காசு ஏன் அப்படி விழுகிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல், பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "பரீட்சையில வர்ற நாணயம் வெளியூர் நாணயம்னு நினைச்சுக்கோங்க." அந்த வருஷத்திலிருந்து பனையடிக்குறிச்சிப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் மார்க் வாங்கினார்கள். வடிவின் மகள் மாரிக்கனி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, அடுப்படியில் இருந்த வடிவுக்கு வயிறு எரிந்தது. இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அன்றைக்கு ஒரு நாதி இல்லையே என்று எரிந்தது. எரிந்து ஆறியபிறகு, தனித்தேர்வராகப் பணம் கட்டி, வெளியூர் நாணயத்தை மனசில் சுண்டிச் சுண்டி, பத்தாம் வகுப்பு பாஸ் செய்தாள்.

பாஸ் செய்து என்ன செய்ய என்று இருந்தபோதுதான் பழைய டேங்க் ஆபரேட்டர் ஓய்வுபெற்றார். எப்போதும் மேலத்தெரு ஆள்தான் அந்த வேலைக்கு வருவது. இந்தமுறை ஒன்றிய அலுவலகத்தில், பத்தாம் வகுப்பு படித்த யாரும் எழுதலாம், பரீட்சை வைத்துத்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து வடிவுக்குச் சோறு இறங்கவில்லை. தொட்டிக்கு அடியில் இரண்டு வால்வுகள் அருகருகே இருப்பதை அவள் எத்தனை காலமாகப் பார்த்திருக்கிறாள். சக்கரத்தைப் பாதி திருப்பினால் பாதித் தண்ணீர். இரண்டையும் பாதிப் பாதி திறந்துவிட்டால் இரண்டு தெருவிலும் மெலிசாக வரும், ஆனால் வரும். காசைச் சுண்ட வேண்டிய தேவையே இருக்காது. இந்த யோசனை ஊரில் யாருக்கும் வராமல் இல்லை, வால்வுச் சாவி இருக்கிறவர்களுக்குத்தான் வரவில்லை.

படிக்க அவளுக்குக் கிடைத்த நேரம் குடத்து வரிசையில் நிற்கிற நேரம்தான். கவிழ்த்துப்போட்ட குடத்தின் மேல் மகளின் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்து, கலங்கல் வரும்வரை கணக்குப் போடுவாள். ஒரு நாணயத்துக்கு இரண்டு விடை, இரண்டு நாணயத்துக்கு நாலு, மூன்றுக்கு எட்டு. வரக்கூடியது எல்லாவற்றையும் முதலில் எழுதி வைக்க வேண்டும், அதற்குக் கூறுவெளி என்று பெயர். மூன்று நாணயம் சுண்டினால் குறைந்தது ஒரு தலையாவது விழ என்ன வாய்ப்பு என்று ஒரு கணக்கு. தலை தலை தலை, தலை தலை பூ, தலை பூ தலை என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனாள். எட்டாவதாகக் கடைசியில் எழுதிய பூ பூ பூ ஒன்றில்தான் தலை இல்லை. எட்டில் ஏழு. அந்த விடையை எழுதிவிட்டு அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். எங்கேயோ இருக்கிற மனிதர்கள் ஒரே நேரத்தில் மூன்று காசைத் தூக்கிப் போட்டால், எட்டில் ஏழு பங்கு சிங்கத்தின் முகத்தைப் பார்த்துவிடுகிறார்கள். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"ஏட்டி, கணக்குக்கு யாராவது அழுவாகளா?" என்றாள் பின்னால் நின்ற செண்பகம். அடுத்த வீட்டுக்காரி, எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பவள்.

"எட்டுல ஏழு மதினி."

"என்னது எட்டுல ஏழு?"

"தலை."

செண்பகம் புத்தகத்தை எட்டிப் பார்த்தாள், வரிசையில் நின்ற மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அன்று மாலைக்குள் கீழத்தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. புத்தகத்திலேயே போட்டிருக்கிறதாம், எட்டில் ஏழு தலையாம். அப்படியானால் இத்தனை காலம் நமக்கு விழ வேண்டிய தலையெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டார்கள். எங்கேயும் போகவில்லை, பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ குமிந்து கிடக்கிறது, ஒருநாள் மொத்தமாக விழும் என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். வடிவு தலையில் அடித்துக்கொண்டாள். "காசுக்கு ஞாபகம் கிடையாது மதினி. போன தடவ என்ன விழுந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. எப்ப சுண்டுனாலும் புதுசாச் சுண்டுன மாதிரிதான்." செண்பகம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "படிச்சதுனால ஒனக்கு நம்பிக்கை போயிருச்சு" என்றாள்.

பரீட்சை நாள் வந்தது, வடிவு போய் எழுதினாள். ஒரு நாணயம் தொடர்ந்து ஐந்து முறை பூ விழுந்தது, ஆறாவது முறை தலை விழ நிகழ்தகவு என்ன என்று அதில் கேட்டிருந்தார்கள். அவள் பேனா கொஞ்சம் நின்றது. வெளியூர் நாணயம், வெளியூர் நாணயம் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு இரண்டில் ஒன்று என்று எழுதினாள். அவள் நன்றாகவே எழுதியிருந்தாள், அவள் கெட்ட காலம், மேலத்தெரு சண்முகவேலுவும் நன்றாகவே எழுதியிருந்தான். பஞ்சாயத்து பிரசிடெண்டு ஆவுடைநாயகத்தின் தங்கை மகன் அவன், கல்லூரிப் படிப்பு முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் மாமாவுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்த சாதுவான பையன். இரண்டு பேருக்கும் ஒரே மார்க். மார்க் சமமாக வந்தால் நாணயம் சுண்டி முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. ஒன்றிய ஆணையர் ஜெபராஜ் வெள்ளிக்கிழமை நேரில் வந்து, தொட்டியடியில் ஊர் பார்க்கச் சுண்டுவார் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள்.

மேலத்தெருவில் அன்றே கேசரி கிண்டினார்கள். கீழத்தெருவில் வந்து வடிவைத் துக்கம் விசாரித்தார்கள். "ஒரே மார்க் வாங்குனதே பெருசுட்டி" என்றார்கள். செல்லக்கனி ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். வடிவு மட்டும் எழுந்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, பஸ் ஏறி ஒன்றிய அலுவலகத்துக்குப் போனாள்.

"ஊர்ல வச்சா என்னம்மா?" என்று கேட்டார் ஜெபராஜ்.

"எங்க ஊர்ல தலை விழாது சார்."

அவர் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த ஒரு பழைய பைலைப் புரட்டினார். "ஆமா, இதுல முன்னாடி இருந்தவங்க குறிச்சிருக்காங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, "சரி, இங்கேயே வச்சிருவோம். நீங்க ரெண்டு பேரும் வந்துருங்க" என்றார். அவர் இவ்வளவு லேசில் ஒத்துக்கொள்வார் என்று அவள் நினைக்கவே இல்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு அவள் வாய்விட்டு அழுதாள். பூச்சியம் இரண்டில் ஒன்றாகிவிட்டது. ஒரு மனுஷி தன் ஆயுசில் இதற்கு மேல் என்ன செய்துவிட முடியும்.

செய்தி கேட்டு மேலத்தெருவுக்குக் கேசரி கசந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் காசு எப்படி விழும் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவர்களுக்கு வந்ததே இல்லை. ஆவுடைநாயகம் வீட்டில் முதல்முறையாக ஒரு சாமி படத்துக்கு முன்னால் பூக்கட்டிப் போட்டு எந்தப் பொட்டலம் வருகிறது என்று பார்த்தார்கள், விளக்கேற்றினார்கள், நேர்ந்துகொண்டார்கள். கீழத்தெரு நேர்ந்துகொள்ளவில்லை. குமிந்து கிடக்கிற தலையெல்லாம் விழப்போகும்போது நேர்த்தி எதற்கு?

வெள்ளிக்கிழமை காலையில் செல்லக்கனி லோடு ஆட்டோவில் கீழத்தெரு ஏறிக்கொண்டது. பாலம் தாண்டியதும் யாரோ ஒரு பெண் முந்தியிலிருந்து காசை எடுத்துச் சுண்டிப் பார்க்கப் போனாள். பத்துக் கைகள் பாய்ந்து அவள் கையைப் பிடித்தன. "வச்சுரு, வச்சுரு, தலையை வீணாக்கிராத" என்று கத்தினார்கள். காசுக்கு ஞாபகம் இல்லை என்று சொல்ல வடிவு வாயெடுத்தாள். ஆனால் அவளும் தன் கையில் வைத்திருந்த காசை இறுக்கி மூடிக்கொண்டு, அது உள்ளங்கையில் புரண்டுவிடாமல் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். படித்த படிப்பு வேறு, கை வேறு.

ஒன்றிய அலுவலகத்தில் ஒரு பக்கம் மேலத்தெரு, ஒரு பக்கம் கீழத்தெரு, நடுவில் ஜெபராஜ். சண்முகவேலு சட்டைப் பொத்தானைத் திருகியபடி சுவர் ஓரமாக நின்றான். ஆணையர் சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்தார். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். சாதாரணக் காசு, ஓரத்தில் கொஞ்சம் அழுக்கு. கீழத்தெரு வழக்கம்போல் தலை என்று குரல் கொடுக்க வாயைத் திறந்தது. ஜெபராஜ் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. பூவா, தலையா?"

வடிவுக்குப் புரியவில்லை. "நானா சார்?"

"நீங்கதான். நான் எங்க போய்ச் சுண்டினாலும் பொம்பளைங்களைத்தான் முதல்ல கேக்கிறது. அது என் வழக்கம்."

எங்க போய்ச் சுண்டினாலும். அந்த வார்த்தை அவள் காதில் விழுந்து உள்ளே இறங்கியது. இந்த மனிதர் தொட்டியடிக்கு வந்திருந்தாலும் இவளைத்தான் கேட்டிருப்பார். மேலத்தெரு வாயைத் திறக்கும் முன்னால், ஊரறிய, இவளைத்தான் பூவா தலையா என்று கேட்டிருப்பார். அவள் பூ என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். விழுந்திருக்கும். அதில் பாதி கிடையாது, கால் கிடையாது. முழுசாக, ஒன்றாக, இத்தனை காலமும் விழுந்ததுபோலவே அவளுக்காக ஒரே ஒருமுறை விழுந்திருக்கும். நியாயம் வேண்டும் என்று நல்ல சேலை கட்டிக்கொண்டு போய்க் கேட்டாளே, அந்த நியாயத்துக்காக ஒன்றைக் கொடுத்துவிட்டு அரையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.  பின்னால் செண்பகம் "தலைன்னு சொல்லுட்டி, தலைன்னு சொல்லு" என்று முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தது எங்கேயோ தூரத்தில் நடப்பதாக இருந்தது.

"சொல்லுங்கம்மா."

தொட்டியடியில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை வாயில் இருந்தது. வாயைத் திறந்ததும் அது வந்துவிட்டது.

"பூ."

கீழத்தெரு மூச்சை உள்ளே இழுத்தது. "அப்ப தம்பிக்குத் தலை" என்றார் ஜெபராஜ். அதைக் கேட்டதும் சண்முகவேலு முகம் வெளுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான். அவன் பிறந்ததிலிருந்து தலை கேட்டு ஜெயித்த ஒருவரைப் பார்த்ததில்லை. காசு மேலே போனது. மின்விசிறிக்குச் சற்றுக் கீழே வரை போய், சிங்கமும் எண்ணும் சிங்கமும் எண்ணுமாகச் சுழன்றது; அது சுழன்ற நேரத்துக்குள் வடிவுக்குள் கணக்கு ஓடியது. எது சொன்னாலும் பாதிதான். இங்கே எதைச் சொல்லியிருந்தாலும் பாதிதான். நான் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. காசு தரையில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மேசைக் காலில் மோதிப் படுத்தது.

சிங்கம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் அந்த அறையில் யாருக்கும் என்ன நடந்தது என்று விளங்கவில்லை. தலை விழுந்ததைப் பார்த்ததும், தலை கேட்டே பழகிய கீழத்தெரு "ஓ" என்று கூவி, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டது. தோற்றுவிட்டோம் என்று நினைத்து சண்முகவேலு குலுங்கிக் குலுங்கி அழுதான். ஆவுடைநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். ஜெபராஜ்தான் எல்லோரையும் அதட்டி உட்கார வைத்து, தலை கேட்டது தம்பி, தம்பிக்குத்தான் வேலை என்று இரண்டு தரம் சொல்ல வேண்டியதாயிற்று. அப்போதும் சண்முகவேலு நம்பவில்லை. "தலை எப்படி சார் எங்களுக்கு?" என்று கேட்டான். வடிவு அழவில்லை. குனிந்து காசை எடுத்து ஆணையர் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒருமுறை விரலால் சிங்கத்தைத் தடவிப் பார்த்தாள், மூன்று முகமும் தட்டுப்பட்டன.

ஆட்டோ ஊருக்குத் திரும்பியது. பாலம் நெருங்கும்போது செண்பகத்துக்குப் பொறுக்கவில்லை. "குமிஞ்சு கெடந்தது விழும்னு சொன்னோம்லா? விழுந்துச்சுலா? வாயில வச்சு ஊட்டுன மாதிரி சொல்லிக் குடுத்தோமேட்டி!"

"எது சொல்லியிருந்தாலும் பாதிதான் மதினி."

"எது பாதி? கண்ணால பாத்தோமே, முழுத் தலைலா விழுந்துச்சு!"

 ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த செல்லக்கனி, ரோட்டைப் பார்த்தபடியே, மெதுவாக, "ஊருக்கே வரச் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தான். பிறகு அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அவன் அந்தக் கணக்கைத் தானாகவே போட்டிருந்தான் என்பதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. அவள் மேல் தப்பில்லை என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும் என்று இருந்தது. தப்பில்லைதான், அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. தப்பு இருந்திருந்தால் திருத்தி எழுதிக்கொள்ளலாம்.

ஊர் இதையும் ஜீரணித்துக்கொண்டது. மேலத்தெருவில், பூவும் நமக்கு, தலையும் நமக்கு என்று இரண்டு நாள் பேசினார்கள், பிறகு அதில் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. கீழத்தெருவில் பேச்சு நிற்கவே இல்லை. தலை விழுந்த கதையைக் கேட்க, ஆட்டோவில் இடம் கிடைக்காமல் போனவர்கள் வீடு வீடாக வந்தார்கள். எப்படிச் சுற்றியது, மேசையின் எந்தக் காலில் மோதியது, சிங்கம் எந்தத் திசையைப் பார்த்தது என்று கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள். யாருக்கு விழுந்தது என்பதைக் கதையின் கடைசியில் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள், நாளாக ஆக அதைச் சொல்லாமலே விட்டார்கள். தலை விழக்கூடியதுதான் என்று தெரிந்துவிட்டதே, அது போதாதா என்று இருந்தது அவர்களுக்கு. வடிவிடம் மட்டும் முன்போல யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் ஒரு குடத்து இடம் விட்டு நின்றார்கள்.

சண்முகவேலு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு தொட்டியடிக்கு வந்தான். வடிவைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான், கிட்டே வந்து, "யக்கா, நான் வேணும்னா..." என்றான். என்ன வேண்டுமானால் என்று அவனுக்கே தெரியவில்லை. மேலத்தெரு வாசல்களில் எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் திரும்பிப் போய்க் காசை எடுத்தான்.

காசு மேலே போனது. கீழத்தெரு முன்னெப்போதையும்விடப் பலமாக, பார்த்துவிட்டு வந்த தெம்பில், "தலை" என்றது. வடிவும் வாயைத் திறந்து தலை என்றாள். பூ விழுந்தது. மேலத்தெரு வால்வு கிறீச்சென்று திறந்தது, குழாய்களில் தண்ணீர் ஓடுகிற சத்தம் தொட்டியின் கால் வழியாகக் கேட்டது.

மாரிக்கனி அம்மாவுக்குப் பக்கத்தில் கவிழ்த்த குடத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். பரீட்சை நெருங்கிவிட்டதால் மடியில் கணக்குப் புத்தகம். எதையோ யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"யம்மா, அங்க தலை விழுந்துச்சு. இங்க பூ விழுந்துச்சு. ரெண்டையும் சேத்தா, ரெண்டுல ஒண்ணு தலை. பாதிதான?"

"ஆமா."

"அப்ப புத்தகத்துல இருக்கது சரிதான?"

வடிவு குடத்தை நிமிர்த்திக் குழாய்க்கு அடியில் வைத்தாள். கலங்கல் வர இன்னும் நேரம் இருந்தது.

"சரிதான்" என்றாள். "நீ பரீட்சையில அப்படியே எழுது."